திறை கொணராத குற்றம்

கடந்த தவக்காலத்தில் எமது பங்கின் வாசகர் வட்டத்தில் கலிங்கத்துப் பரணியை எடுத்துக்கொண்டோம். தவக்காலத்துக்குப் பொருந்தாத நூல் என்று சிலர் முகம் சுளித்தனர். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குருமடத்தில் எமக்குத் தமிழ் கற்பித்த பேராசிரியர் 'கடை திறப்பு' என்னும் பகுதியை ஒரே கைவீச்சில் புரட்டிவிட்டுக் 'காடு பாடிய'திலிருந்துதான் பாடத்தைத் தொடங்குவார். நாமும் அவர் வழியையே பின்பற்றினோம்.

நூலை எடுத்ததற்குக் காரணம் அதன் சந்த அழகு அன்று. வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் இராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். 1971ஆம் ஆண்டுப் போரில் கிழக்கு எல்லையில் நின்றவர். முந்தைய கூட்டத்தின் முடிவில், "சாமி, இன்னொரு நாட்டுக்குள்ள படையோட போறது எப்பச் சரி, எப்பப் பாவம்? கோயில்ல இதுக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். மறைக்கல்வி ஏட்டிலிருந்து 4 நிபந்தனைகளை ஒப்பித்து அவரை அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் பட்டியலுக்காகக் கேட்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்துவந்த ஒன்றை இறக்கிவைக்க இடம் தேடினார். எனவே, படையெடுப்பைப் பற்றித் தமிழில் எழுந்த பெருங்கவிதை ஒன்றை முன்வைத்து அந்தக் கேள்வியை அணுகிப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

கதை எளிது. முதலாம் குலோத்துங்க சோழன் காஞ்சியில் அவை கூட்டி வீற்றிருக்கிறான். சிற்றரசர்கள் திறைப் பொருள்களைக் கொணர்ந்து அடிபணிகின்றனர். திறை கொணராதார் எவரேனும் உளரோ என்று மன்னன் வினவ, வடகலிங்கத்து அரசன் இருமுறை கொணரவில்லை என்று அதிகாரி விடையிறுக்கிறார். அவ்வளவுதான். அவன் யானைகளைக் கைப்பற்றி வரக் கட்டளை பிறக்கிறது. கருணாகரத் தொண்டைமான் தான் செல்வதாக முன்வருகிறான். படை ஆறுகள் பலவற்றைக் கடந்து கலிங்கத்தை அடைகிறது. அதன் பின்னர் நடப்பதெல்லாம் தீ, குருதி, ஓட்டம். இது 1110ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த போர் என்று வரலாற்றாசிரியர் கணிப்பர். ஏறக்குறைய 600 தாழிசைகளில் செயங்கொண்டார் அதைப் பாடி முடித்தார். போரில் 1000 யானைகளைக் கொன்று வென்ற வீரனுக்கே பரணி உரியது என்பது இலக்கண மரபு. இந்த இலக்கிய வகையில் நுழைவதற்கே பிணக்கணக்கு வேண்டும் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்வது நல்லது.

தொல்காப்பியம் படையெடுப்பை வஞ்சித் திணையாக வகுத்தது. மண்ணின்மேல் தீராத ஆசை என்பதை அதன் இலக்கணத்திலேயே தொல்காப்பியர் சேர்த்துவிட்டார். அந்த ஆசை யாருடையது? படையெடுத்தவனுடையதா, படையெடுக்கப்பட்டவனுடையதா, இருவருக்கும் பொதுவானதா? நூற்பாவின் தொடர் பல வகையாகவும் பொருள்கொள்ள இடந்தருகிறது. எல்லாப் போர்களின் தொடக்கத்திலும் இந்த மயக்கம் உண்டு. எல்லை தாண்டுகிறவன் எவனும் தன் ஆசைக்காகத் தாண்டுவதாகச் சொல்வதில்லை. எதிரியின் ஆசையை அடக்கவே தாண்டுவதாகச் சொல்வான். செயங்கொண்டாரின் நேர்மை எம்மை வியக்கவைப்பது இங்கேதான். அவர் தம் மன்னனுக்காக எந்தச் சாக்கும் புனையவில்லை. கலிங்கன் கொடுங்கோலன் என்றோ, சோழநாட்டு ஊர்களைக் கொளுத்தினான் என்றோ, பெண்களைச் சிறைபிடித்தான் என்றோ ஒரு வரியும் அவர் சேர்க்கவில்லை. திறை வரவில்லை, படை போயிற்று. பிற்காலத்து அரசுகளின் செய்தித்துறைகள் எழுதியவற்றோடு வைத்துப் பார்த்தால் இந்த வெளிப்படைத்தன்மை அரிதானது.

நூலில் போரைத் தடுக்கும் குரல் ஒன்றே ஒன்று எழுகிறது. அது காஞ்சியில் எழவில்லை, கலிங்கத்தில் எழுகிறது. எங்கராயன் என்னும் அமைச்சன் தன் அரசனைத் தடுத்துப் பேசுகிறான். அவனும் அறத்தை எடுத்துச் சொல்கிறான் என்று எண்ணிவிடக் கூடாது. சோழப் படையின் முன் நின்று வீழ்ந்த மன்னர்களை எண்ணிக் காட்டி, இது ஆகாது என்கிறான். அச்சத்திலிருந்து பிறந்த விவேகம் அது. அதையும் அவன் அரசன் ஏற்கவில்லை. ஆனால் வென்றவனின் அவையில் அந்த அளவு குரல்கூட இல்லையே என்பதுதான் எம் மனத்தை உறுத்துகிறது.

இங்கே ஓர் உறவுமுறையைச் சொல்ல வேண்டும். கலிங்கத்தை அப்போது ஆண்ட அனந்தவர்மன் சோடகங்கன், பெயரே காட்டுவதுபோல, கங்கர் குலத் தந்தைக்கும் சோழர் குல இளவரசிக்கும் பிறந்தவன். குலோத்துங்கனோ கீழைச் சாளுக்கியத் தந்தைக்கும், முதலாம் இராசேந்திர சோழனின் மகள் அம்மங்கைதேவிக்கும் பிறந்தவன். இருவருமே சோழர் வீட்டுப் பெண்மக்கள் பெற்ற பிள்ளைகள். அதாவது, கலிங்கத்தில் நடந்தது ஒரு வகையில் உறவினர் சண்டை. இதைச் செயங்கொண்டார் பாடவில்லை. பாடியிருந்தால் பரணி நின்றுபோயிருக்கும்.

பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் இதே சோழர் குலத்தில் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதியபோது, உறையூரின் மதிலருகே நின்று கோவூர் கிழார் பேசிய பாடல் புறநானூற்றில் 45ஆவதாக இருக்கிறது. எதிரில் நிற்பவன் சூடியிருப்பது சேரனின் பனம்பூவும் அன்று, பாண்டியனின் வேம்பும் அன்று. இருவர் கண்ணியும் ஆத்தியே. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்பது அவர் வாதம். அதற்கு முந்தைய பாடலில், முற்றுகைக்குள் பசித்திருக்கும் யானைகளையும் பாலின்றி அழும் குழந்தைகளையும் காட்டி, உள்ளே அடைந்து கிடக்கும் நெடுங்கிள்ளியை நாணச் செய்கிறார். அந்தச் சொல் போரை நிறுத்தியதா என்று பாடல்கள் சொல்லவில்லை. நெடுங்கிள்ளியைப் பின்னோர் 'காரியாற்றுத் துஞ்சிய' என்னும் அடைமொழியோடு குறிப்பதைப் பார்த்தால், அமைதி நெடுநாள் நிலைத்ததாகத் தோன்றவில்லை. ஆயினும், அரசனின் சோற்றை உண்ட புலவர் ஒருவர் இரண்டு படைகளுக்கு நடுவே நின்று இது தகாது என்று சொன்னார் என்ற பதிவு தமிழுக்கு இருக்கிறது. செயங்கொண்டார் அவரைவிடச் சந்தத்தில் வல்லவர். அந்தத் துணிவில் அவருக்கு மிகவும் பின்தங்கியவர்.

இனி மறையியலாரிடம் வருவோம். தூய தாமஸ் அக்குவினார், அகுஸ்தீனாரைப் பின்பற்றி, நீதியான போருக்கு 3 தேவைகளைக் குறித்தார்: உரிய அதிகாரம் உடையவரின் ஆணை, நியாயமான காரணம், நேரிய நோக்கம். எமது வட்டத்தில் ஓர் இளைஞர், சட்டம் படிப்பவர், எழுந்து ஒரு வழக்குரைத்தார். குலோத்துங்கன் பேரரசன், ஆதலால் அதிகாரம் உண்டு. கப்பம் கட்டுவதாக ஒப்பியவன் கட்டவில்லை என்றால் அது குற்றம், ஆதலால் காரணம் உண்டு. பேரரசின் ஒழுங்கைக் காப்பது நோக்கம். ஆகவே கலிங்கப் போர் அக்குவினார் கணக்கில் நீதியான போரே! சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க எமக்குச் சற்று நேரமாயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். கோட்பாட்டை அரசவை வழக்கறிஞரின் கையில் கொடுத்தால் அது இப்படித்தான் வேலை செய்யும்.

வரலாற்றில் அப்படி வேலை செய்தும் இருக்கிறது. கலிங்கம் எரிவதற்குச் சுமார் 10 ஆண்டுகளுக்கு முன், 1099இல், சிலுவைப் போர் வீரர்கள் எருசலேமுக்குள் புகுந்து அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டி வீழ்த்தினர். அந்தப் படையோடு சென்ற குரு ஒருவர், அகிலேரின் ரேமோன், ஆலய வளாகத்தில் குருதி குதிரைகளின் கடிவாளம் வரை ஏறியதாக எழுதி, அதைக் கடவுளின் நேரிய தீர்ப்பு என்று போற்றினார். நற்கருணையைக் கையில் ஏந்தியவர் எழுதிய பரணி அது. காளி கோயிலின் பேய்களைப் பார்த்து முகம் சுளிக்கும் கத்தோலிக்க வாசகர் இதையும் அருகில் வைத்துப் படிக்க வேண்டும். பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. 2022இல் உக்ரைன்மீது இரஷ்யா முழு அளவில் படையெடுத்த பிறகு, போர்க்கடமையில் உயிர்துறப்பது பாவங்களைக் கழுவும் என்று மாஸ்கோவின் ஆர்த்தடாக்ஸ் மறைமுதுவர் அவ்வாண்டு செப்டம்பரில் மறையுரை ஆற்றியதை உலகம் கேட்டது.

ஆனால் அதே கோட்பாட்டின் உள்ளேயே அதைத் திருத்தும் குரல்களும் எழுந்தன. அமெரிக்கப் பூர்வகுடிகளை ஸ்பெயின் வென்றடக்கிக்கொண்டிருந்த நாட்களில், 1539இல், சாலமங்காப் பல்கலைக்கழகத்தில் தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா பேசினார். சமய வேற்றுமை போருக்குக் காரணம் ஆகாது. பேரரசை விரிவாக்குவது காரணம் ஆகாது. மன்னனின் புகழோ ஆதாயமோ காரணம் ஆகாது என்றார். சட்டம் படிக்கும் எம் இளைஞருக்கு இதுவே போதுமான விடை: பரணியின் காரணங்கள் யாவும் வித்தோரியா நீக்கிய பட்டியலில் அடங்கிவிடுகின்றன. திறை என்பது பணமாக எண்ணித் தரப்படும் புகழன்றி வேறென்ன? வித்தோரியா அதோடு நிற்கவில்லை. அரசனின் ஆலோசனை அவையில் இடம்பெற்றோர் போரின் காரணத்தை ஆராயக் கடமைப்பட்டவர்கள் என்றும், போர் அநீதியானது என்று தன் மனச்சான்றில் தெளிந்த குடிமகன் மன்னன் ஆணையிட்டாலும் அதில் ஈடுபடலாகாது என்றும் சொன்னார். காஞ்சி அவையின் மௌனத்தைக் குற்றமாகப் பார்க்கும் கண்ணை எமக்குத் தந்தவர் அவர்.

திருச்சபை அந்த வாயிலைப் பின்னர் மேலும் மேலும் ஒடுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், நகரங்களை மக்களோடு சேர்த்து அழிக்கும் போர்ச்செயல் கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் என்று தீர்ப்பிட்டது. 1992இல் வந்த மறைக்கல்வி ஏடு, தற்காப்புக்கு மட்டுமே இடம் தந்து, தாக்குகிறவன் இழைக்கும் தீங்கு நீடித்ததாகவும் கடுமையானதாகவும் உறுதியானதாகவும் இருக்க வேண்டும், பிற வழிகள் பயனற்றுப் போயிருக்க வேண்டும், வெற்றிக்கு நல்ல வாய்ப்பு இருக்க வேண்டும், போரால் விளையும் கேடு தவிர்க்கப்படும் கேட்டைவிடப் பெரிதாகிவிடக் கூடாது என்கிறது. 2003இல் ஈராக்கின்மீது படையெடுப்பு நெருங்கியபோது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கர்தினால் எச்செகரேயைப் பாக்தாதுக்கும் கர்தினால் லாகியை வாஷிங்டனுக்கும் அனுப்பினார். கோவூர் கிழாரின் வேலை அது. அவர்கள் சொல் ஏறவில்லை. மார்ச் 20இல் போர் தொடங்கிற்று. எந்தப் பேரழிவு ஆயுதங்களுக்காகப் படை சென்றதோ அவற்றின் இருப்புகள் அங்கே இல்லை என்பதைப் படையெடுத்த நாட்டின் ஆய்வுக் குழுவே 2004இல் அறிக்கையாக வெளியிட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2020இல் 'ஃப்ரத்தெல்லி தூத்தி' சுற்றுமடலில், பழைய நூற்றாண்டுகளின் அளவுகோல்களைக் கொண்டு நீதியான போர் என்று பேசுவது இன்று மிகக் கடினம் என்றே எழுதிவிட்டார்.

மிகக் கடினம் என்றார். இயலவே இயலாது என்று சொல்லவில்லை. எம் ஹவில்தாரின் கேள்வி அந்த இடைவெளியில்தான் நிற்கிறது. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் தொடங்கிய படுகொலையிலிருந்து தப்பி ஏறக்குறைய 1 கோடி மக்கள் எல்லையைத் தாண்டி வந்தனர். இந்தியப் பிரதமர் மேலைநாட்டுத் தலைநகரங்களுக்குச் சென்று முறையிட்டும் படுகொலை நிற்கவில்லை. டிசம்பர் 3இல் பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத் தளங்களைத் தாக்கின. டிசம்பர் 16இல் டாக்காவில் சரணடைவு நடந்தது. சுமார் 93,000 பேர் சிறைப்பட்டனர். அவர்கள் முதலில் அடித்தார்கள், நாம் திருப்பி அடித்தோம் என்று இதைச் சுருக்கிச் சொல்லி, எல்லாம் சரியே என்று நாம் அவரை ஆறுதல்படுத்த முயன்றோம். அவர் தலையை அசைத்தார். "மூணாந் தேதிக்கு முந்தியே நாங்க உள்ள போயிட்டோம் சாமி. நவம்பர்லயே." அது உண்மை. கரீப்பூர்ச் சண்டை நடந்தது நவம்பர் 21இல்.

எமது தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். மறுப்பவர்கள் இதே இதழில் மறுத்து எழுதலாம். அந்தப் போரில் தாக்கப்பட்டவர் முதலில் வங்காள மக்கள். தன் தோழனுக்கு நேரும் கொடுமையைத் தடுக்க வல்லவன் தடுக்காவிட்டால், கொடுமை செய்தவனுக்கு ஒப்பான குற்றவாளி ஆகிறான் என்று 4ஆம் நூற்றாண்டிலேயே தூய அம்புரோசியார் கற்பித்தார். அந்தக் கற்பித்தலின் துணைகொண்டு, நவம்பர் மாதத்தில் எல்லை தாண்டியதையும் நாம் பாவம் என்று சொல்லத் துணியவில்லை. எதிரி நாடு இரண்டாகப் பிளந்தால் நல்லது என்ற கணக்கும் தில்லியில் கலந்திருந்திருக்கலாம். நோக்கம் முழுத் தூய்மையாக இருந்தது என்று நாம் சான்று தர இயலாது. அதற்காக, வரவழைக்கப்படாமல் வந்த 1 கோடி பேரின் கண்ணீர் பொய்யாகிவிடாது. ஆனால் அகுஸ்தீனார் 'கடவுளின் நகரம்' நூலின் 19ஆம் பகுதியில் வேறொன்றையும் கேட்கிறார். நீதியான போரையே செய்ய நேர்ந்த அறிவுடையவனும் அந்தக் கட்டாயத்தை எண்ணிப் புலம்ப வேண்டும். புலம்பாதவன் மனித உணர்வை இழந்தவன் என்கிறார். எம் ஹவில்தார் உறக்கமின்றிக் கழித்த இரவுகள் அவருடைய குற்றத்துக்குச் சான்று அல்ல என்று அவருக்கு இப்படித்தான் விளக்கினோம்.

இந்தப் புலம்பல் பரணியில் உண்டா? சிலர் உண்டு என்பர். கூழ் சமைக்கும் பேய்களைக் காட்டுவதன் மூலம் செயங்கொண்டார் போரை மறைமுகமாக ஏளனம் செய்தார் என்று ஒரு வாசிப்பு இருக்கிறது. எமக்கு அது உடன்பாடு அன்று. பேய்கள் யானைத் தந்தத்தால் பல் துலக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்து, தலைகளைக் கொண்டு அடுப்புக் கூட்டி, பார்ப்பனப் பேய்க்கும் சமணப் பேய்க்கும் புத்தப் பேய்க்கும் அவரவர் ஆசாரப்படி கூழ் வார்க்கும் காட்சிகளில் கவிஞர் மெய்யாகவே மகிழ்கிறார். தோற்ற வீரர்கள் மயிரைப் பறித்துச் சமணராகவும், வில்லின் நாணைப் பூணூலாக அணிந்து அந்தணராகவும், குருதி தோய்ந்த ஆடையைப் போர்த்திப் புத்தத் துறவியராகவும் வேடமிட்டு உயிர்ப்பிச்சை கேட்பதை அவர் நகைச்சுவையாகவே எழுதினார். சொல்லப்போனால், சிரிப்பே வருகிறது. கூட்டத்தில் எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு ஏற்பட்ட அமைதி நெடுநேரம் நீடித்தது. புலம்பலுக்குப் பதிலாக வேறொன்றைத்தான் அவர் எம்மிடம் விட்டுச்சென்றிருக்கிறார். நூலின் தொடக்கத்தில் பேய்கள் பசியால் வாடிக் காளியிடம் முறையிடுகின்றன. முடிவில் வயிறு நிறைகின்றன. திறை, மானம், வெற்றி எல்லாம் நடுவில் வந்து போகின்றன. போரைக் கேட்டவை பேய்கள், உண்டவையும் பேய்கள். கவிஞர் இதைக் குற்றச்சாட்டாக எண்ணவில்லை. கட்டமைப்பு அவரை மீறிப் பேசுகிறது.

இதே கலிங்கத்தில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் போர் நடத்திய அசோகர் 1,00,000 பேர் கொல்லப்பட்டதையும் 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டதையும் கல்லில் பொறித்து வருந்தினார். அவருடைய புலம்பல் புகழ்பெற்றது. ஆனால் அந்த 13ஆம் பாறைச் சாசனம் கலிங்கத்தின் தவுளியிலும் சவுகடாவிலும் இல்லை. அங்கே வேறு சாசனங்களை வைத்தார். கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. வருத்தம் தெரிவிப்பதும் ஈடுசெய்வதும் வேறுவேறு என்பதை ஒப்புரவு அருளடையாளத்துக்கு வரும் எம் மக்கள் அறிவர். அனந்தவர்மனோ கருணாகரன் வந்துபோன பிறகும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான்; பூரியின் பெருங்கோயிலைத் தொடங்கியவன் அவனே. பரணி முடித்துவைத்த கலிங்கம் முடிந்துபோகவில்லை.

நூலில் ஓர் இடத்தை மட்டும் நாம் இருமுறை வாசித்தோம். களத்தைச் சுற்றிக் காட்டும் காளியின் பேச்சில், போரில் வீழ்ந்தவனின் மனைவி ஒருத்தி வருகிறாள். புறங்கொடாத அந்தத் தோள் எங்கே, வாள் ஏந்திய கை எங்கே, மார்பு எங்கே என்று பயிரவியிடம் கேட்டு அலைகிறாள். பேய்களின் ஆரவாரத்துக்கு நடுவே அந்தத் தாழிசை ஒரு கணம் வந்து நிற்கிறது. வேறொருத்தி இடாகினியிடம் கேட்கிறாள். பிறகு கவிஞர் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்.

வாசித்து முடித்ததும் ஹவில்தார் பேசினார். சரணடைவுக்கு முந்தைய நாட்களில் எதிர்ப்படையினரின் உடல்களைப் புதைக்கும் வேலை அவருடைய குழுவுக்கு வந்ததாம். "இந்தப் பாட்டுல தேடிக்கிட்டு வாறாங்களே சாமி, அங்க யாரும் வரல. அவங்க ஊரு ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம். எங்க கெடக்காங்கன்னு அவங்க வீட்டுக்கு யாரு சொல்லியிருப்பா?" என்றார். 11 பேர் என்று எண்ணிக்கையைச் சொன்னார்.

இறந்த விசுவாசிகள் நினைவு நாளான நவம்பர் 2க்கு அவர்கள் கருத்துக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாமா, அவர்கள் முஸ்லிம்களாயிற்றே என்று தயங்கிக் கேட்டார். தடை ஏதுமில்லை என்றோம். பங்கு அலுவலகத்தில் உபதேசியார் பதிவேட்டைத் திறந்து பெயர்களைக் கேட்டார். பெயர் தெரியாது, 11 பேர் என்று மட்டும் போடுங்கள் என்றார் ஹவில்தார். அப்படியே எழுதிக்கொண்டோம்.